மணிக்கு ஒரு தட்டு பிஸ்கட்

பணி ஓய்வு பெற்றவனைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பொழுது எப்படி சார் போகுது?" மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு 2019-இல் வீட்டுக்கு வந்த என்னையும் அந்தக் கேள்வி விடவில்லை. கொஞ்ச நாள் காலை நடை, நூலகம், பேப்பர் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "சனிக்கிழமை சனிக்கிழமை நாய்க்கு பிஸ்கட் சுடுறேன்." கேட்டவர் சிரிப்பார். பிறகு மழை, வெயில் என்று பேச்சை மாற்றிவிடுவார்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் ஒரு காரணமும் இருக்கின்றன. நாய் வளர்க்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

மணி என் நாய் இல்லை. கோவில்பட்டியில் இருந்த என் அண்ணனுடைய நாய். கால் நீளத்தையும் மூக்கையும் பார்த்தால் சிப்பிப்பாறைக் கலப்பு இருக்கும் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். எனக்கு அவன் சாதாரண நாட்டு நாயாகத்தான் தெரிந்தான். காலை ஐந்தரைக்கு அண்ணன் டீக்கடைக்குப் போவார், மணியும் பின்னால் போவான். அவருக்கு ஒரு டீ. மணிக்கு ஒரு பொறை, அப்புறம் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டில் பாதி. ஆறு வருஷம் இது தவறியதில்லை.

2022 ஆவணியில் அண்ணன் போய்விட்டார். மதினி சென்னையில் மகள் வீட்டுக்குப் போனார்கள். நாலாவது மாடி, வாடகை வீடு, நாய்க்கு அனுமதி கிடையாது. மணியை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது என் மனைவி யாரையும் கேட்கவில்லை. "எங்களோட வரட்டும்க்கா" என்று சொல்லிவிட்டாள். பாளையங்கோட்டைக்குக் காரில் வரும்போது மணி பின்சீட்டில் அண்ணனுடைய பழைய துண்டின் மேல் படுத்துக்கொண்டே வந்தான்.

வந்த நாலாம் மாதம், மார்கழி விடிகாலையில் அவனுக்கு வலிப்பு வந்தது.

முன்பின் பார்த்திராதவர்களுக்கு அது பயங்கரம். பக்கவாட்டில் சாய்ந்து, கால்கள் விறைத்து, பிறகு நீந்துவது போல நாலு காலும் அடித்துக்கொண்டன. வாயில் நுரை. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் கொத்துச் சாவியைக் கொண்டுவந்து காலருகில் வைக்கச் சொன்னார். மனிதருக்கே இரும்பால் வலிப்பு நிற்காது. நாய்க்கு மட்டும் எப்படி நிற்கும்? செய்ய வேண்டியது வேறு. சுற்றியிருக்கும் நாற்காலி, ஸ்டூலை அகற்ற வேண்டும். வாயருகே கையைக் கொண்டுபோகக் கூடாது. அவன் அறியாமலே கடித்துவிடுவான். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மணிக்கு இரண்டு நிமிடத்தில் நின்றது. எங்களுக்கு அது இரண்டு மணி நேரம்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. காரணம் புலப்படாத வலிப்பு வகை என்றார் கால்நடை மருத்துவர். அடுத்த ஒன்றரை மாதத்துக்குள் மறுபடி இரண்டு முறை வந்ததும் பினோபார்பிட்டோன் மாத்திரை எழுதினார். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் தினம் இரண்டு வேளை, ஆயுசு முழுக்க. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. நாமாகத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வலிப்பு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலுக்காக ரத்தம் பார்க்க வேண்டும்.

கடைசியாக அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "சார், இந்த மாத்திரை போட்டா பசி அதிகமாகும். எப்பப் பாத்தாலும் சாப்பாடு கேப்பான். ஏற்கனவே 19 கிலோ இருக்கான், 15-க்கு வரணும். கொழுப்புப் பண்டம் கொடுத்தா கணையத்துல அழற்சி வரும், இந்த மாத்திரை சாப்பிடுற நாய்க்கு அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். பொறை, கிரீம் பிஸ்கட் எல்லாத்தையும் நிறுத்திடுங்க."

அண்ணனை இழந்து, மதினியைப் பிரிந்து, கோவில்பட்டித் தெருவையும் விட்டு வந்த ஜீவன். அவனுக்கு மிச்சமிருந்தது காலையில் கிடைக்கும் அந்த ஒரு பிஸ்கட்தான். அதையும் பிடுங்க வேண்டும். போதாக்குறைக்குப் பசியைக் கிளப்பும் மாத்திரை வேறு.

அன்று ராத்திரி பழைய பழக்கத்தில் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மணிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750 கலோரி போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாய்க்குக் கொடுக்கும் தின்பண்டம் நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. அப்படியென்றால் 75 கலோரி. கடையில் விற்கும் சாதாரண மேரி பிஸ்கட் ஒன்றே சுமார் 25 கலோரி. மூன்று கொடுத்தால் அன்றைய பங்கு முடிந்தது. மணியோ நாளைக்குப் பத்துத் தடவை வந்து முகத்தைப் பார்க்கிறவன். ஆக, ஒன்று பத்துக் கலோரிக்கு மேல் போகாத பிஸ்கட் வேண்டும். நாய்க்கு எண்ணிக்கைதான் முக்கியம், அளவு இல்லை. பெரிய துண்டு ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் அதற்கு ஒரே மரியாதைதான்.

இப்படித்தான் மகள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்து, பரண்மேல் தூங்கிக்கொண்டிருந்த சின்ன ஓவன் கீழே இறங்கியது.

செய்முறை எளிது. 250 கிராம் சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஆவியில் வேகவைத்துத் தோலை உரித்துக் கட்டியில்லாமல் மசிக்க வேண்டும். 30 கிராம் வேர்க்கடலையை உப்பில்லாமல் வெறும் வாணலியில் வறுத்து, தோல் நீக்கிப் பொடிக்க வேண்டும். 200 கிராம் கேழ்வரகு மாவைப் பச்சை வாசனை போக லேசாக வறுத்து, மூன்றையும் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைய வேண்டும். கிழங்கின் ஈரம் போதாவிட்டால் மட்டும் தண்ணீர் தெளிக்கலாம். கேழ்வரகில் கோதுமை மாதிரி பசைத்தன்மை கிடையாது, தனியாக விட்டால் உதிரும். பிடித்து வைக்கிற வேலையைக் கிழங்கு பார்த்துக்கொள்ளும். முட்டை சேர்க்கிறவர்கள் ஒன்று சேர்க்கலாம். எங்கள் வீட்டுச் சமையலறையில் முட்டை கிடையாது. மணியும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

சப்பாத்திப் பலகையில் கால் அங்குலக் கனத்துக்குத் தேய்த்து, கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறினால் நூறு துண்டு வரும். மொத்த மாவும் ஆயிரம் கலோரி சொச்சம், ஆகவே ஒரு துண்டு ஏறக்குறைய பத்து. 160 டிகிரியில் அரை மணி நேரம். பிறகு ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். அந்த மிச்சச் சூட்டில்தான் ஈரம் போய் மொறுமொறுப்பு வருகிறது. ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டுச் சிறுதீயிலும் சுடலாம். நேரம் மட்டும் கூடும்.

சர்க்கரை, வெல்லம், உப்பு, நெய் எதுவும் வேண்டாம். நாய் நாக்கை நம்பிச் சாப்பிடுகிற பிராணி இல்லை. மூக்கை நம்பிச் சாப்பிடுகிறது. வறுத்த கடலை வாசனை கூடத்தைத் தாண்டும்போதே மணி அடுப்பங்கரை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவான்.

நன்றாக ஆறின பிறகே டப்பாவில் போட வேண்டும். நம் ஊர்க் காற்றில் வெளியே வைத்தால் நாலு நாள், குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம். பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் குப்பைக்குத்தான். பூஞ்சையில் உண்டாகும் சில நச்சுகள் நல்ல நாய்க்கே நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். மணி மாதிரி நாய்க்குச் சொல்லவே வேண்டாம்.

பிஸ்கட் பிரச்சினை தீர்ந்தது. மாத்திரைப் பிரச்சினை தீரவில்லை. காலை ஏழு, இரவு ஏழு. வாழைப்பழத்துக்குள் வைத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் சுத்தமாக வைத்துவிடுவான். தயிர்ச்சோற்றில் கலந்தால் சோறு காலியாகும், தட்டின் ஓரத்தில் மாத்திரை இருக்கும். வாயைப் பிளந்து போட்டால் அவனுக்கும் எனக்கும் மனஸ்தாபம். அடுத்த வேளை ஏழு மணிக்குக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான். "மணி ஏழாச்சு" என்று நாங்கள் பேசிக்கொண்டாலே போதும், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்வான். பெயர் ராசி அப்படி.

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. "ஏங்க, பிஸ்கட் மாவுல கொஞ்சம் எடுத்துப் பிடிகொழுக்கட்டை பண்ணுனா என்ன? உள்ள வச்சா ஒட்டிக்குமே." அதே கிழங்கு, அதே கேழ்வரகு, கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி இட்லிப் பானையில் ஆவி கட்டி எடுத்தாள். மெத்தென்று, மாத்திரையைப் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும் கொழுக்கட்டை. ஒன்று ஐந்து கலோரிகூட வராது.

கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மூன்று கொழுக்கட்டையைக் கையில் எடுக்க வேண்டும். முதலாவது வெறும் கொழுக்கட்டை. அதைத் தின்று நம்பிக்கை வந்ததும் மாத்திரை வைத்த இரண்டாவது. அது வாய்க்குள் போகும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்ட வேண்டும். மூன்றாவது கைமாறிப் போய்விடுமோ என்ற அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவான். ஆசை என்பது மனிதனுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இன்றுவரை இந்த முறை பலிக்கிறது. இரு வேளைக்கும் ஆறு கொழுக்கட்டை, நடுவில் நாலு பிஸ்கட், 75 கலோரிக்குள் கணக்கு முடிந்துவிடும்.

வீட்டில் செய்வதாலேயே எல்லாம் நாய்க்கு நல்லதாகிவிடாது. நம் சமையலறையில் சர்வ சாதாரணமாக இருக்கும் பல பொருள்கள் நாய்க்கு விஷம். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்; மிஞ்சின சாம்பாரும் பிரியாணியும் அதனால்தான் கூடாது. திராட்சை, உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேசரியிலும் பாயசத்திலும் மிதக்கிறதே, அதேதான். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. இதயத் துடிப்பு கூடி வலிப்பு வரை கொண்டுபோகும். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது சைலிட்டால் என்ற இனிப்பு. சர்க்கரை இல்லாத சூயிங்கம், சிலவகைக் கடலை வெண்ணெய் இவற்றில் இருக்கும். நாய் தின்றால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் நான் கடையில் கடலை வெண்ணெய் வாங்குவதில்லை. கடலையை நானே வறுத்துப் பொடித்துக்கொள்கிறேன். மருந்து சாப்பிடுகிற நாயாக இருந்தால், புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"நாய் மாமிசம் தின்கிற பிராணியாச்சே, கேழ்வரகும் கிழங்கும் செரிக்குமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2013-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. மனிதன் பயிர் செய்து தின்னத் தொடங்கிய பிறகு அவன் போட்ட மிச்சத்தைத் தின்று தின்று நாயின் உடம்பே மாறியிருக்கிறது. எங்கள் தாத்தா வீட்டில் காவல் நாய்க்குத் தினம் கம்பங்கூழ்தான். தாத்தா மரபணுவைக் கண்டாரா? நாய் குரைத்தது, ஓடியது, பன்னிரண்டு வருஷம் இருந்தது. அவருக்கு அது போதும்.

நாய்க்கென்று தனி பிஸ்கட் என்பதும் புது நாகரிகம் இல்லை. 1860-களிலேயே லண்டனில் அது கடைக்கு வந்துவிட்டது. செய்து விற்றவர் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர். கோதுமை, காய்கறி, பீட்ரூட், மாமிசம் சேர்த்த பிஸ்கட். துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த காய்ந்த கப்பல் ரொட்டியை நாய்கள் தின்பதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு. எனக்கு அதில் பிடித்தது வேறு. அவர் லண்டனுக்குப் போனது இடிதாங்கி விற்க! மின்சாரத்துக்கும் நாய் பிஸ்கட்டுக்கும் உள்ள உறவை ஆரம்பித்து வைத்தவன் நான் இல்லை என்று அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. ஒரு கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பந்தியிலேயே கேட்டார். "ஊருல எத்தனையோ பேரு சோத்துக்குக் கஷ்டப்படுதான். நீரு நாய்க்கு பிஸ்கட் சுடுதீராமே?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான், தட்டிக்கழிக்க முடியாது. ஒரு தட்டு பிஸ்கட்டுக்கு எனக்கு ஆகும் செலவு அண்ணன் வாங்கிய கிரீம் பிஸ்கட்டைவிடக் குறைவு என்று சொல்லியிருக்கலாம். அது பதில் ஆகாது. எங்கள் அம்மா சாப்பிட உட்காருமுன் காக்கைக்கு ஒரு பிடி வைப்பாள், கை கழுவுமுன் நாய்க்கு ஒரு பிடி எடுத்து வைப்பாள். இல்லாத காலத்திலும் வைத்தாள். நாய்க்கு வைத்ததால் வாசலுக்கு வந்த மனிதரை அவள் வெறுங்கையோடு அனுப்பியதும் இல்லை. கொடுக்கிற பழக்கம் ஒன்றுதான். அது ஆளைப் பார்த்து இரண்டாகப் பிரிவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதை அவரிடமும் சொன்னேன். அவர் ரசத்துக்குக் கை நீட்டிவிட்டார்.

அதைவிடக் கஷ்டமான நாள் ஒன்று வந்தது. 2024-இல் அண்ணனின் திவசத்துக்கு மதினி சென்னையிலிருந்து வந்தார்கள். மணி அப்போது பதினைந்தரைக் கிலோ. மதினியைப் பார்த்ததும் அவன் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது. அவர்கள் அவன் முதுகைத் தடவிப் பார்த்தார்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. நாய்க்கு அப்படித் தட்டுப்படுவதுதான் சரியான எடைக்கு அடையாளம். ஆனால் மதினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இப்படி இளைச்சுட்டானே தம்பி. அவுக இருந்திருந்தா..."

முடிக்கவில்லை. பையைத் திறந்து ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார்கள். அண்ணன் வாங்குகிற அதே பிஸ்கட். திவசத்தன்று அவர் பெயரைச் சொல்லி மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று சென்னையிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். மணியும் பாக்கெட்டின் சரசரப்பைக் கேட்டுவிட்டான். வாலை ஆட்டவில்லை. உட்கார்ந்து மதினியின் கையையே பார்த்தான்.

ஒரு பிஸ்கட்டில் ஒன்றும் ஆகிவிடாது என்று நினைக்கலாம். ஆனால் வலிப்பையும் கணையத்தையும் மதினி பார்த்ததில்லை. போனில் சொன்னதுதான். அந்த நேரத்தில் மருத்துவர் சொன்னார், கலோரி என்றெல்லாம் பேசினால், அண்ணன் ஆறு வருஷம் பிரியமாகக் கொடுத்ததெல்லாம் தப்பு என்று சொல்வது போல ஆகிவிடும். எனக்கு வாய் வரவில்லை.

மனைவிதான் எழுந்தாள். "அக்கா, உள்ள வாங்க. மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன். இன்னைக்கு நீங்க உங்க கையால செஞ்சு குடுங்க. அத்தான் பேரு சொல்லிக் குடுங்க."

மதினி பலகை முன்னால் உட்கார்ந்தார்கள். கட்டம் கட்டமாகக் கீறுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மூடியால் வட்ட வட்டமாக வெட்டி, இரண்டிரண்டாக ஒட்டி, நடுவில் மசித்த கிழங்கைத் தடவினார்கள். அச்சு அசல் கிரீம் பிஸ்கட். என் கலோரிக் கணக்கு அன்று கொஞ்சம் ஆட்டம் கண்டது. நான் பேசவில்லை. சூடு ஆறியதும் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். மணி அவசரப்படாமல், பல் படாமல் விரலிலிருந்து வாங்கித் தின்றான்.

"அவுககிட்டயும் இப்படித்தான் வாங்குவான்" என்றார்கள். அவ்வளவுதான். சென்னையிலிருந்து கொண்டுவந்த பாக்கெட்டைச் சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மணிக்கு இப்போது ஒன்பது வயது. கடைசியாக வலிப்பு வந்து எட்டு மாதம் ஆகிறது. குணமாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்டேன். குணம் என்று இதில் சொல்ல மாட்டோம், அடக்கி வைத்திருக்கிறோம் என்றார். மாத்திரையைக் குறைப்பது கூட்டுவது எல்லாம் அவர் பாடு. நேரம் தவறாமல் அது உள்ளே போவது மட்டும் எங்கள் பாடு. வெளியூர்க் கல்யாணம் என்றால் ஒருவர் போகிறோம், ஒருவர் இருக்கிறோம். காசி யாத்திரை ஒன்றைத் தள்ளி வைத்திருக்கிறோம். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

போன வாரம் மதினி போன் செய்தார்கள். அவர்கள் குடியிருப்பின் வாசலில் காவலாளியோடு ஒரு கிழட்டுத் தெருநாய் படுத்திருக்கிறதாம். பல் பாதி போய்விட்டதாம். "அதுக்கு அந்தக் கொழுக்கட்டை ஆகுமா தம்பி? அளவை ஒரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்றார்கள். 250 கிழங்கு, 200 கேழ்வரகு என்று ஆரம்பித்து மெதுவாகச் சொன்னேன். கடலையைப் பற்றிச் சொல்லும்போது குறுக்கிட்டு, "உப்பு போடக் கூடாது, தெரியும்" என்றார்கள்.